கிளாஸ்ல பக்கம் பக்கமா நோட்ஸ் எடுக்குறேன், திருப்பிப் படிச்சா எதுவுமே புரியல

வாய்க்கால்மேடு:
எல்லாருக்கும் வணக்கம். நான் மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம், பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். சார் சொல்றத ஒரு வார்த்த விடாம எழுதிடணும்னு உக்காந்து எழுதுறேன், ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு ஸ்பெல்லிங் யோசிக்கிறதுக்குள்ள அவரு அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுறாரு, அப்புறம் அங்கேருந்து புடிக்கிறேன், இப்படியே பாதி பாதியா ஒரு லாங் சைஸ் நோட்டு ரொம்பிடுச்சு. தெர்மோடைனமிக்ஸ் இன்டர்னலுக்கு முந்தின நாள் ராத்திரி தொறந்து பாத்தா எல்லாம் என் கையெழுத்துதான், ஆனா யாரோ எழுதுன மாதிரி இருக்கு. "வொர்க் டன் பை தி" அப்படின்னு ஒரு வரி, அதோட நிக்குது. 50க்கு 19தான் வந்துச்சு. பக்கத்துல உக்கார்ற பையன் என்னவிட பாதிதான் எழுதுவான், அவன் 41. எப்படி நோட்ஸ் எடுக்கணும்னு யாராவது சொல்லுங்க.

கரிசல்காடு:
தம்பி, நானும் தமிழ் மீடியம், மெக்கானிக்கல்தான். முதல் மூணு செமஸ்டர் உன்ன மாதிரியே கை வலிக்க எழுதுனேன். வார்த்த விடாம எழுதணும்னு நெனைக்கிறத மொதல்ல விட்டுடு. அவரு நிமிஷத்துக்கு நூறு வார்த்தைக்கு மேல பேசுவாரு, கையால அதுல கால்வாசிகூட எழுத முடியாது. கேளு, புரிஞ்சத எழுது. டெக்னிக்கல் வார்த்தைய மட்டும் இங்கிலீஷ்ல வச்சுக்க, விளக்கத்த தமிழ்லயே எழுது, அதுல ஒரு வெக்கமும் இல்ல. எங்க சார் ஏடியாபேடிக், அதாவது சூடு உள்ளயும் வராம வெளியயும் போகாம நடக்குறத நடத்துனப்ப சைக்கிள் பம்ப வேகமா அடிச்சா அடிப்பக்கம் சூடாகும்ல, அதச் சொன்னாரு. நான் எழுதுனது இவ்ளோதான்: "ஏடியாபேடிக் - பம்பு. சூடு வெளிய போக நேரமில்ல, அமுக்குன வேல பூரா உள்ளயே நிக்குது. க்யூ = 0." க்யூன்னா உள்ள வர்ற, வெளிய போற சூடு. அந்த நோட்டு இன்னும் எங்கிட்ட இருக்கு, இப்ப படிச்சாலும் புரியுது.

ஏதாவது விட்டுப்போச்சுன்னா தேடிட்டு நிக்காத, ஒரு கேள்விக்குறி போட்டு மூணு வரி காலியா விட்டுட்டு மேல போ, அன்னைக்கு சாயங்காலமே பக்கத்துப் பையன்கிட்ட கேட்டு ரொப்பிடு. நாலு நாள் கழிச்சுன்னா எத விட்டோம்னே மறந்துரும். ஆனா படம் மட்டும் போர்டுல இருக்குற மாதிரியே போடணும். பி-வி டயக்ராம்ல, அதான் அழுத்தத்துக்கும் கன அளவுக்கும் போடுற படத்துல, அம்புக்குறி கடிகாரச் சுத்துல போனா எஞ்சின், எதிர்ச்சுத்துல போனா ஃப்ரிட்ஜ். அம்புக்குறிய விட்டா அந்தப் படமே வேஸ்ட்.

நீலமை:
கரிசல் அண்ணா சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. கார்னெல் யுனிவர்சிட்டில வால்டர் பாக்னு ஒரு பேராசிரியர் சொல்லிக்குடுத்த முறை இது. பக்கத்துல இடது பக்கம் ரெண்டரை இன்ச் கோடு போட்டு விட்டுடணும், கீழயும் ரெண்டு இன்ச். கிளாஸ்ல வலது பக்கம் மட்டும்தான் எழுதணும். ரூமுக்கு வந்து, எழுதுனதப் பாத்து இடது பக்கம் கேள்வியா மாத்தணும், கீழ அந்தப் பக்கத்தோட சாரம் ரெண்டு வரி. பார்ட் ஏ 2 மார்க் கேள்விங்க பாதி அந்த இடது பக்கத்துலயே கெடச்சிடும். அப்புறம் வலது பக்கத்த கையால மறைச்சுட்டு பதில் சொல்லிப் பாக்கணும். சும்மா திருப்பித் திருப்பிப் படிக்கிறதவிட எனக்கு இதுதான் நின்னுச்சு.

டீக்கடபெஞ்ச்:
எதுக்கு இவ்ளோ கஷ்டம்? போர்ட போன்ல போட்டோ எடுத்துக்கோ, இல்ல லேப்டாப்ல டைப் பண்ணிக்கோ.

சாக்பீஸ்:
நான் பாலிடெக்னிக்ல பாடம் எடுக்குறேன். போட்டோ எடுத்த பசங்க யாரும் அத அப்புறம் தொறந்து பாத்து நான் பாத்ததில்ல. லேப்டாப் பத்தி 2014ல முல்லர், ஓப்பன்ஹைமர்னு ரெண்டு பேரோட ஆராய்ச்சி வந்துச்சு, டைப் பண்ணவங்க நிறைய வார்த்த எழுதியிருந்தாங்க, ஆனா யோசிச்சு சொல்ற கேள்வில கையால எழுதுனவங்கதான் நல்லா பண்ணாங்க. பின்னாடி வேற சிலர் அதையே செஞ்சு பாத்தப்ப அவ்ளோ தெளிவா வரல. அதனால பேனாவா கீபோர்டான்னு சண்ட வேணாம், காதுல விழுறத அப்படியே இறக்குறதுதான் தப்பு.

வாய்க்கால்மேடு தம்பி, வாத்தியார் எங்க நிறுத்துறாங்க, எத ரெண்டாவது தடவ சொல்றாங்க, எதுக்கு சாக்பீஸ எடுக்குறாங்கன்னு பாருங்க. அங்கதான் எழுதணும். புரியலைன்னா கைய தூக்கிக் கேளுங்க. என் கிளாஸ்ல ஒரு பொண்ணு "மேடம் இன்னொரு தடவ" அப்படின்னா பின்னாடி பத்து பேரு நோட்ட திரும்ப எடுப்பாங்க, அவங்களுக்கும் அதே எடத்துலதான் விட்டுப்போயிருக்கும்.

வாய்க்கால்மேடு:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி மேடம், நீலமை உங்களுக்கும். இன்னிக்கு என்ட்ரோபி கிளாஸ்ல ட்ரை பண்ணேன். ஒன்றரைப் பக்கம்தான் எழுதுனேன், பாதிக்கு மேல தமிழ், மூணு கேள்விக்குறி. ரெண்டுக்கு பக்கத்துப் பையன்கிட்ட பதில் கெடச்சுது. மூணாவது அவனுக்கும் புரியலையாம். நாளைக்கு லஞ்ச் பிரேக்ல ரெண்டு பேரும் சார்கிட்ட போறோம்.