புதுப்பிப்பு: மார்கழி இருட்டைப் பற்றி நான் போட்ட கணக்குத் தவறு

கடலூரில் காலை ஆறு மணி டியூஷனுக்கு இருட்டில் சைக்கிள் மிதித்துச் செல்வது மனத்தைச் சோர்வடையச் செய்கிறது என்றும், டிசம்பர் 21 கழிந்தால் பகல் நீளத் தொடங்குவதால் இந்த இருட்டு விலகிவிடும் என்றும் மார்கழித் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். பொங்கல் முடிந்து ஒரு வாரமாகியும் அது விலகவில்லை. அன்றைக்குக் காட்டிலும் இப்போது சூரியன் சில நிமிடங்கள் தாமதமாகவே உதிக்கிறது.

இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டேன். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும் அதன் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும், சூரியன் உச்சிக்கு வரும் நேரம் இந்த மாதங்களில் நாள்தோறும் சிறிது தள்ளிப்போகிறது என்றும், நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில் உள்ள நம் ஊரில் பகலின் நீளம் மிக மெதுவாகவே கூடுவதால் அந்தத் தாமதமே மேலோங்கி, ஆண்டின் மிகத் தாமதமான உதயம் ஜனவரி இறுதியை ஒட்டித்தான் வருகிறது என்றும் விளக்கினார். இதைத் தேர்வில் கேட்க மாட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

அதே காரணத்தால் மாலை வெளிச்சம் நவம்பர் பிற்பகுதியிலிருந்தே கூடிவந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. இப்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆறு மணி வரை உட்கார்ந்து படிக்க முடிகிறது. காலைச் சோர்வு மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மாவின் சுக்குக் காபியோடு இன்னும் சில வாரங்கள் ஓட்டியாக வேண்டும்.