சைக்கிள் சீற்றைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கல்முனைக்கா?

வாவிக்கரையான்:
"சைக்கிள் விட்டு இருபது வருஷமான ஆளும் ரெண்டு பாதமும் நிலத்தில் முழுசாகப் படுற மாதிரி சீற்றைத் தாழ்த்தினால், ஒரு மாதத்தில் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து கல்முனை போய் வரலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஆளாளுக்கு விருப்பம் வேறு போட்டிருக்கிறீர்கள். நாற்பது வயதுக்குப் பிறகு திரும்பச் சைக்கிள் ஓடத் தொடங்குகிறவனின் முழங்காலைக் கெடுக்கிற அறிவுரை இது. சீற்றில் இருந்துகொண்டு, பெடல் அடியில் நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடிந்து நிற்கும். அதுதான் சரியான உயரம்.

மருதமுனையான்:
எழுதியது நான். பெயரைச் சொல்ல என்ன பயம்? எங்கட வாப்பா சாரன் மூட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு ஓடின மனிசன். சீற் தாழ்வாகத்தான் இருந்தது. அவருக்கு முழங்கால் நோகவில்லை.

வாவிக்கரையான்:
மருதமுனை நானா, உங்கட வாப்பா நாள் தவறாமல் ஓடினவர். இங்கே கேட்பவர்கள் கதிரையில் இருந்து வேலை செய்கிறவர்கள். தாழ்ந்த சீற்றில் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடங்கும், முன்பக்கம் நோகும். சீற் கூடிப்போனால் பின்பக்கம் இழுக்கும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். நோவு எங்கே என்று பார்த்தாலே உயரம் தெரிந்துவிடும்.

களுதாவளைக்காரன்:
அண்ணன், நான் கேட்டது சீற் இல்லை. எவ்வளவு தூரத்தில் தொடங்குவது?

மருதமுனையான்:
அவரிடம் கேளுங்கள், குதிக்கால் என்பார். காத்தான்குடிக்குள் பஸ் குறுக்கே வந்து நிற்கும்போது கால் ஊன்றாமல் பறப்பதா?

வாவிக்கரையான்:
நிற்கும்போது சீற்றில் இருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். சீற்றில் இருந்தபடியே இரண்டு காலையும் ஊன்றுவது பிள்ளைகள் பழகும்போது செய்கிற வேலை.
களுதாவளைத் தம்பிக்கு: முதலில் களைக்காமல் போய் வரக்கூடிய தூரம் எதுவோ அதில் தொடங்குங்கள். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போய் வந்தாலே போதும். கிழமையில் ஒரு நாளை மட்டும் நீள ஓட்டத்துக்கு வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மற்ற நாள் சின்ன ஓட்டம், இடையில் ஓய்வு. பக்கத்தில் வருகிறவனோடு வசனம் முறியாமல் கதைக்க முடிகிற வேகம்தான் வேகம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், முழங்காலும் பின்புறமும் பழகக் கனநாள் எடுக்கும். மூச்சை நம்பித் தூரத்தைக் கூட்டுகிறவன்தான் படுக்கிறான். சீற் தாழ்வாக இருந்தால் அதுவும் இரட்டிப்பு.

மருதமுனையான்:
பாருங்கள், சுற்றி வந்து சீற்றிலேயே நிற்கிறார்.

வாகரைக் காற்று:
இரண்டு பேரும் காற்றை மறந்துவிட்டீர்கள். மட்டக்களப்பு – கல்முனை போக 40 கிலோமீற்றர் வரும், ஏற்றம் இல்லை. ஆனால் வாடைக் காலத்தில் தெற்கே போகும்போது காற்று தள்ளிவிடும், "ஆகா நல்ல பெலன் வந்துவிட்டது" என்று நினைப்பான். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். புதிதாகத் தொடங்குகிறவன் காற்றுக்கு எதிராகப் போய் காற்றோடு வீடு திரும்ப வேண்டும்.

மருதமுனையான்:
கச்சான் காற்று வீசும்போது என்ன செய்வதாம்? அது மேற்கில் இருந்து பக்கவாட்டில் அடிக்கிறது. வாவிக்குள் போய்த் திரும்புவதா?

வாகரைக் காற்று:
கச்சான் காலத்தில் விடியப்புறம் ஓடி வெயில் ஏற முன் வீட்டுக்கு வர வேண்டும். அந்தக் காற்று வியர்வையை உடனே காயவைக்கும், உடம்பு காய்வது தெரியாது. தாகம் வரும்வரை பார்த்திருக்காமல் குடிக்க வேண்டும். நான் சொன்னது வாடைக்கு. வாசித்துவிட்டு எழுதுங்கள்.

ஏறாவூர் செயின்:
கியர் சைக்கிள் இருந்தால் இந்தச் சண்டையே வராது. சாதா லுமாலா சைக்கிளோடு என்ன தூர ஓட்டம்?

வாவிக்கரையான்:
லுமாலாவைக் குறை சொல்ல வேண்டாம். செயினுக்கு எண்ணெய் விட்டு, டயருக்குக் காற்றுச் சரியாக அடித்து, சீற்றை உயர்த்தினால் அதுவும் ஓடும். கியர் இருந்தும் பாரமான கியரில் உன்னி மிதிக்கிறவனுக்குத்தான் முழங்கால் போகும். இலேசான கியரில் கால் விரைவாகச் சுழல வேண்டும்.

ஏறாவூர் செயின்:
டயர்க் காற்றை நீங்கள் சொல்லவே வேண்டாம். போன முறை விரலால் அமத்திப் பார்த்தால் போதும் என்று எழுதினது யார்?

வாவிக்கரையான்:
பம்பில் அளவுகாட்டி இல்லாதவனுக்குச் சொன்னது அது. பாதியை வெட்டிப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டினீர்கள், அதை நான் மறக்கவில்லை.

களுதாவளைக்காரன்:
நேற்றுக் குருக்கள்மடம் வரை போனேன். முழங்கால் நோகவில்லை, கைதான் விறைக்கிறது.

மருதமுனையான்:
சீற்றை உயர்த்தினீர்களா? அதுதான்! உடம்பின் பாரம் முழுக்கக் கையில் விழுகிறது.

வாவிக்கரையான்:
சீற்றின் மூக்குக் கீழே சாய்ந்திருந்தாலும் கையில் பாரம் விழும். முதலில் அதை மட்டமாக்குங்கள், முழங்கையை இறுக்கிப் பிடிக்காமல் கொஞ்சம் மடக்குங்கள், இடைக்கிடை பிடியை மாற்றுங்கள். சீற்றின் உயரத்தை மாற்ற வேண்டாம்.

மருதமுனையான்:
தாழ்த்துங்கள் தம்பி. அவர் பேச்சைக் கேட்டால் அடுத்தது கழுத்து.

வாவிக்கரையான்:
நானா, குதிக்காலைப் பெடலில் வைத்து ஒரு தரமாவது பார்த்தீர்களா?

மருதமுனையான்:
பார்க்கத் தேவையில்லை.