ஆம்ப்புக்குள் ஒரு பிள்ளையார் சுழி

குன்னூரில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, பழைய சாமான்களோடு கிடந்த பெண்டர் கம்பெனியின் டீலக்ஸ் ரிவர்ப் என்ற கிடார் ஆம்ப் (கிடார் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி) ஒன்று என் கைக்கு வந்தது. பின்பக்கத் தகட்டில் 117 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. நம் ஊர் 230-ஐ 110 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி, அதன் வழியாகவே போட்டுப் பார்த்தேன். சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. உள்ளே இருக்கும் வால்வுகள் (பழைய ரேடியோவில் இருப்பது மாதிரியான கண்ணாடிக் குழாய்கள்) சரியாகச் சூடேறவே இல்லை, சத்தமும் இல்லை. காட்டிய கடையில் "டிரான்ஸ்பார்மர் போச்சு, ஸ்பேர் கிடைக்காது" என்றார்கள். இரண்டு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

போன மழைக்காலத்தில் நானே கழற்றினேன். (யாராவது கழற்றப் போகிறீர்கள் என்றால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பில்டர் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.)

பெட்டியின் உள்சுவரில் ஒட்டியிருந்த வால்வு அட்டவணையில் 'என்டி' (ND) என்று இரண்டு ஆங்கில எழுத்து முத்திரை. முதல் எழுத்து வருடம், 1951-க்கு 'ஏ' என்று தொடங்கி எண்ண வேண்டும். இரண்டாவது மாதம். ஆக 1964 ஏப்ரல். வால்யூம் திருகுக்குப் பின்னால் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் 137 என்ற எண்ணும் அதன் பின்னால் 6408-ம் இருந்தன. 137 என்பது அதைச் செய்த சிடிஎஸ் (CTS) கம்பெனி, மீதி 1964-ன் எட்டாவது வாரம். இரண்டும் ஒத்துப்போனதில் அவ்வளவு சந்தோஷம். பாகங்களைப் பொருத்தியிருக்கும் உலோகச் சட்டமான சேசிஸுக்குள் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் ஒரு பெண்ணின் பெயர் கையால் எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் ஆலையில் ஒயரிங் செய்த பெண்கள் இப்படிப் பெயர் எழுதி ஒட்டுவது உண்டு.

இதெல்லாம் தேடினால் விடை கிடைக்கிற விஷயம். என்னைத் திணற வைத்தது பவர் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த மூன்று வரிகள். மேலே ஒரு 'உ', அடியில் இரட்டைக்கோடு. அடுத்து 'உங', அதை ஒட்டி ஒரு சின்ன வட்டம். அதற்கும் கீழே 'ககூஎஉ' மாதிரி ஏதோ. யாரோ 'உங்கள்' என்று தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார் என்றான் நண்பன். மெக்கானிக்கின் இனிஷியலாக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

பக்கத்து வீட்டுத் தாத்தா மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதியவர். டீ குடிக்க வந்தவரிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"எழுத்துன்னு படிச்சா எப்படிங்க தம்பி? இது தமிழ் இலக்கம். ௨௩௦, இருநூத்தி முப்பது. கீழே ௧௯௭௨, வருஷமுங்க."

"அப்ப மேல இருக்கற உ, ரெண்டா தாத்தா?"

"அது பிள்ளையார் சுழி. அடியில கோடு இருக்குது பாருங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுபடி 110 கொடுத்து, வால்வுகளின் ஹீட்டர் கம்பிகளில் மீட்டரை வைத்தேன். 6.3 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 3 தான் வந்தது. சரியாக 230-க்கு 110 என்ற கணக்கு! 1972-லேயே யாரோ டிரான்ஸ்பார்மரை 230-க்குக் காயில் சுற்றிவைத்துவிட்டு, பின்னால் வருகிறவனுக்காக எழுதியும் வைத்திருக்கிறார். நான் பாதி மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு வருடம் சும்மா கிடக்கவிட்டிருந்தேன்.

வறண்டுபோன கெப்பாசிட்டர்களை மாற்றி, பாதுகாப்புக்காக 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு முதலில் ஓடவிட்டேன். அப்புறம் நேராக 230. முதல் ஸ்ட்ரம்மில் ரிவர்ப் ஸ்பிரிங் அதிர்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கோடைக்கானலில் ஒரு நண்பரிடம் இருக்கும் வாக்ஸ் ஏசி30 என்ற இன்னொரு கிடார் ஆம்ப்பிலும் இப்படி ஒன்று. நான்கு இஎல்84 வால்வுகளின் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் குச்சி குச்சியாகக் கோடுகள், ஒரு சாக்கெட்டுக்கு மட்டும் அதிகம். வால்வு மாற்றிய கணக்காக இருக்கும் என்பது என் ஊகம். அந்த ஆம்ப் வால்வுகளை மிகச் சூடாக ஓட்டும், சீக்கிரம் தேய்ந்துவிடும். இப்போது அதில் இருப்பவை பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் முத்திரை போட்டவை.

சேசிஸைத் துடைக்கிறவர்கள் தயவுசெய்து ஸ்பிரிட் தொடுமுன் போட்டோ எடுத்துவிடுங்கள். ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் பக்கம் யாருடைய ஆம்ப்பிலோ பழைய வால்வு ரேடியோவிலோ இரட்டைக்கோடு போட்ட உ-வும் தமிழ் எண்களும் தென்பட்டால் எனக்குச் சொல்லுங்கள். என் ஆம்ப்பில் ௩-ன் வால் நன்றாக நீண்டு இடது பக்கம் வளைகிறது. அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டும்.