தூசிப் பையில் கிடந்த கங்கு

குழு: ரங்கூன் பட்டறைக் குடும்பம்

அண்ணன், காலை 6:42
அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு 10 மணி அளவில் நம் பட்டறையின் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் பையிலிருந்து புகை வந்தது. அத்தை வாடையை உணர்ந்து உடனே கூப்பிட்டதால் பையும் அதன் கீழிருந்த டிரம்மும் மட்டுமே கருகின, யாருக்கும் காயமில்லை. மாலை 5 மணிக்கே வேலையை முடித்துப் பூட்டியிருந்தோம் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நடுக்கம் அடங்கவில்லை.

அத்தை, 6:50
முதலில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றுதான் எண்ணினேன், தம்பி. ஐந்து மணி நேரம் கழித்து எப்படித் தீப்பிடிக்கும்? மின்கசிவா?

அண்ணன், 7:05
இல்லை, அத்தை, அந்த நேரத்தில் கரண்டே இல்லை. நேற்றுப் பிற்பகல், பழைய வீடொன்றிலிருந்து கழற்றி வந்த தேக்குப் பலகைகளை, உரசி வழவழப்பாக்கும் சாண்டர் இயந்திரத்தில் கொடுத்தோம். அவற்றில் ஒன்றில் தலை உடைந்த இரும்பாணி புதைந்திருந்ததையும், அதன் முனை பளபளவென்று தேய்ந்திருந்ததையும் இன்று காலையில்தான் கண்டேன். அதிலிருந்து பறந்த பொறியைக் காற்று குழாய் வழியே பைக்குள் கொண்டுபோயிருக்க வேண்டும். குவிந்த தூளுக்குள் காற்று குறைவு என்பதால், அது சுடர் விடாமல் கங்காகவே மணிக்கணக்கில் உள்ளே பரவிக்கொண்டிருக்கும்.

தம்பி, 7:11
அண்ணா, நான் பையை அவிழ்த்து உதறப் போனபோது தடுத்தீர்களே, அது ஏன் என்று அப்போது கேட்க நேரமில்லை.

அண்ணன், 7:24
உதறியிருந்தால் தூள் மேகமாக எழும்பியிருக்கும், கங்கு அதைப் பற்றவைத்திருக்கும். குவியலாகக் கிடக்கையில் மெல்லக் கருகும் அதே தூள், காற்றில் கலந்து நிற்கையில் நொடியில் எரிந்து வெடிக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு மர ஆலைகள் மரத்தூளால் வெடித்து, ஒவ்வொன்றிலும் இருவர் இறந்தார்கள். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய உலர்ந்த தூள்தான் இப்படி வெடிக்கக்கூடியது. இழைப்புச் சுருளைவிடச் சாண்டர் தூளுக்கு நான் அதிகம் அஞ்சுவது அதனால்தான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சாமல், செடிக்கு மருந்தடிக்கும் தெளிப்பானால் தூறலாக நனைத்ததும் அதற்காகவே.

சித்தப்பா (மோல்மீன்), 7:40
நல்ல காரியம் செய்தாய். புகை தெரிந்தால், தூசியை உறிஞ்சும் விசிறியான ப்ளோயரை முதலில் நிறுத்த வேண்டும். ஓடவிட்டால் அது துருத்தி போல ஊதிவிடும். பிவிசிக் குழாயை இன்னுமா மாற்றவில்லை? தகரக் குழாய் போட்டு, இணைப்புகளையெல்லாம் செம்புக் கம்பியால் தொடுத்து எர்த் கொடுங்கள். தூள் உரசிச் சேரும் மின்சாரம் பிளாஸ்டிக்கிலிருந்து இறங்க வழியில்லை. குழாயில் காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடினால்தான் தூள் வழியில் படியாது. வேலை நடக்காத இயந்திரத்தின் தூசிக் குழாய் வாயைத் திறந்தே விட்டால் மற்ற குழாய்களில் அந்த வேகம் குறைந்துவிடும் என்பதைப் பையன்களிடம் சொல்லிவை.

தம்பி, 7:46
கரண்ட் போனதும் ஜெனரேட்டரில் சாண்டரை மட்டும் ஓட்டுகிறோமே, சித்தப்பா?

அண்ணன், 7:58
அதை நானே இன்றோடு நிறுத்துகிறேன். ப்ளோயர் ஓடாத நேரத்தில் சாண்டரும் ஓடாது; தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் தருவதாகச் சொன்ன கதவுகள் தாமதமானால் வாடிக்கையாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பூட்டுவதற்கு முன் அன்றைய தூளை மூடியுள்ள இரும்பு டிரம்மில் கொட்டி வெளியே வைத்துவிட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியை அதில் போடவே கூடாது. ஆளி விதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

அத்தை, 8:03
அந்த டிரம்மை என் சமையலறைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

அண்ணன், 8:05
வைக்க மாட்டோம், அத்தை. முற்றத்தின் மறுகோடியில் இடம் ஒதுக்கிவிட்டேன்.

தம்பி, 11:30
மீதமிருந்த 14 பலகைகளையும் காந்தத்தால் தடவிப் பார்த்தோம், அண்ணா. மூன்றில் ஆணி இருந்தது.