ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜ் பாதிப் பக்கத்தில் வெளுக்கிறது: உள்ளே கழுவத்தான் வேண்டுமா?

டியூஷன் மிஸ்:
வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். ஒர்க்‌ஷீட் அடிக்கத்தான் பிரிண்டர். கருப்பு கார்ட்ரிட்ஜில் சிரிஞ்ச் வைத்து நானே மை நிரப்புவேன். ஆரம்பத்தில் பிரச்சினை இல்லை. இப்போது பக்கத்தின் மேல் பாதி கன்னங்கரேல் என்று வருகிறது. போகப்போக சாம்பலாகி, கடைசி வரிகள் தெரிவதே இல்லை. ஒரு காபி குடித்துவிட்டு வந்து அடித்தால் மறுபடி மேல் பாதி ஜோர்! கையில் எடுத்துப் பார்த்தால் கார்ட்ரிட்ஜ் கனமாகத்தான் இருக்கிறது. தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்கிறார்கள். மை ஊற்றும் இடத்தில் தண்ணீரா?

பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ்:
மிஸ், அந்தக் காபி இடைவெளியிலேயே விடை இருக்கிறது. நாசில், அதாவது மை வெளியே தெறிக்கும் பொடித் துளை, அடைத்திருந்தால், ஓய்வு கொடுத்தாலும் அதே இடத்தில்தான் வெள்ளைக் கோடு விழும். உங்களுக்கு நாசில் நன்றாக இருக்கிறது, மைதான் அதுவரை வந்து சேரவில்லை.

கேனான் பிஜி-745, எச்பி 678 மாதிரி கார்ட்ரிட்ஜ்களில் ஹெட்டும், அதாவது மையைத் தாளில் தெளிக்கும் பாகமும், சேர்ந்தே வரும். உள்ளே ஒரு ஸ்பாஞ்ச், அதற்கு அடியில் பொடிக்கண் வலை, அப்புறம்தான் நாசில். மையில் உள்ள தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிச்சம் கூழாகி ஸ்பாஞ்சிலும் வலையிலும் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் புது மையை ஏற்றினால், காய்ந்த இடத்தை நனைக்காமல் சுற்றிக்கொண்டு போகும். நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். கனம் இருக்கும், ஓட்டம் இருக்காது. சும்மா வைத்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், அதுதான் உங்கள் மேல் பாதி.

கருப்பு மை பெரும்பாலும் பிக்மென்ட், அதாவது மிதக்கும் பொடி. அதோடு வேறு வகை மை கலந்தால் சில சமயம் திரிந்த பால்தான். பழைய மை எதுவென்று தெரியாமல் வரும் கார்ட்ரிட்ஜை நான் கழுவாமல் நிரப்பவே மாட்டேன்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் உள்ள உப்பு வலையிலேயே படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். வெதுவெதுப்பு போதும், கொதிக்கக் கொதிக்க விட்டால் பசை விட்டுப்போகும். மேல் துளை வழியே மெதுவாக ஏற்றி, அடியில் சக்‌ஷன் கிளிப் (நாசிலோடு சிரிஞ்சை இணைக்கும் பிடிப்பான்) மாட்டி, காலி சிரிஞ்சால் இழுங்கள். முதலில் கட்டி கட்டியாகக் கருப்பு வரும், அப்புறம் காபித்தூள் நிறம், பிறகு வெளுக்கும். ஓரளவு தெளிந்தால் போதும், பளிங்காக வேண்டியதில்லை.

முக்கியமானது இனிமேல்தான். உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியே எடுக்காவிட்டால் புது மை நீர்த்துப்போய், "கழுவியும் வெளுக்கிறதே" என்பீர்கள். இழுக்கிற வரை இழுத்துவிட்டு, மடித்த டிஷ்யூ மேல் நாசில் படும்படி வையுங்கள். ஈரம் உறிஞ்சுவது நின்றதும் அன்றே நிரப்பிவிடுங்கள், காயப் போடாதீர்கள். நிரப்பியபின் சிரிஞ்சால் ஒரு துளி மை வரும்வரை இழுத்துவிட்டு மாட்டுங்கள்.

வெளுக்க ஆரம்பித்ததும் பிரிண்டை நிறுத்திவிடுங்கள். இந்த வகை ஹெட் மையைச் சூடாக்கி, குமிழியால் துளியைத் தள்ளுகிறது. அந்தச் சூட்டைத் தணிப்பதும் மைதான். வறண்டு ஓடினால் ஹீட்டர் கருகிவிடும். கருகியதை எந்தத் தண்ணீரும் மீட்காது.

மாடி வீடு:
கழுவுவதற்கு முன்னால் மேல் லேபிளைப் பாருங்கள் மேடம். நிரப்பிய பிறகு செல்லோடேப் போட்டுக் காற்றுத் துளையையும் சேர்த்து அடைத்திருந்தால் இதே மாதிரிதான் வெளுக்கும். மை இறங்க, மேலே காற்று நுழைய வேண்டுமே.

டியூஷன் மிஸ்:
டேப் இருந்தது! எடுத்துவிட்டு அடித்தேன், கொஞ்சம் கூடுதலாக வருகிறது, ஆனாலும் முழுப் பக்கம் வரவில்லை. அப்படியென்றால் கழுவித்தான் ஆக வேண்டும். கலர் கார்ட்ரிட்ஜையும் சேர்த்துக் கழுவிவிடலாமா?

பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ்:
நன்றாக ஓடினால் அதைத் தொடாதீர்கள். உள்ளே மூன்று அறை, இழுக்கும்போது ஒன்றோடொன்று கலக்கும். மஞ்சள் பச்சையாக அடிக்க ஆரம்பித்தால் அப்போது பார்க்கலாம். இன்னொன்று, எப்சனில் ஹெட் மெஷினிலேயே இருக்கும், அதற்கு இந்த முறை பொருந்தாது. வேறு யாராவது படித்துவிட்டு முயற்சி செய்யப் போகிறார்கள் என்றுதான் சொல்கிறேன்.