வளைகுடாப் போர் நோய் ஆய்வுகள்: வெவ்வேறு வினாநிரல்களில் சேர்ந்த தரவை ஒன்றாக்க முடியுமா?

கேள்வி – தரவுப்பணி

வணக்கம். 1990–91 வளைகுடாப் போரில் பணியாற்றிய அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் நாட்பட்ட நோயை ஆராயும் குழு ஒன்றில் தரவுப் பணியைக் கவனித்து வருகிறேன். அந்தப் போருக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். அவர்களில் குறைந்தது நான்கில் ஒருவருக்குச் சோர்வு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம், குடல் தொல்லை எல்லாம் சேர்ந்த இந்த நோய் இருப்பதாக அரசின் ஆலோசனைக் குழு 2008 இல் அறிக்கை தந்தது. ஆனால் உயிரியல் குறிகளைத் தேடும் ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் சில பத்துப் பேராகவே இருப்பதால், மூன்று பழைய ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று எங்கள் குழு கருதுகிறது.

சிக்கல் என்னவென்றால், யாரை நோயாளி என்று கொள்வது என்பதற்கு ஓர் ஆய்வு அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் வரையறையையும், மற்றொன்று கான்சாஸ் மாநில ஆய்வில் உருவான கான்சாஸ் வரையறையையும் பின்பற்றியிருக்கின்றன. மூன்றாவதில் ‘நோயாளி’, ‘நோயற்றவர்’ என்ற முடிவு மட்டுமே கோப்பில் இருக்கிறது. சோர்வை ஒருவர் அதற்கென்றே அமைந்த, 20 வினாக்கள் கொண்ட எம்எஃப்ஐ வினாநிரலால் அளந்திருக்கிறார். இன்னொருவர் பொது உடல்நலத்தை அளக்கும் எஸ்எஃப்-36 வினாநிரலின் ஒரு பகுதியால் அளந்திருக்கிறார். மூன்றாமவர் 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் சொல்லியிருக்கிறார். இவற்றைச் சேர்ப்பது முறையா? அடுத்துத் தொடங்கவுள்ள ஆய்வில், இந்நோய்க்கென 2022 இல் வெளியான பொதுத் தரவுக் கூறுகளை, அதாவது எல்லா ஆய்வுகளும் ஒரே விதமாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டியவற்றின் பட்டியலை, அப்படியே ஏற்க வேண்டுமா? அது ஆய்வாளரின் கையைக் கட்டிவிடும் என்று எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் கருதுகிறார்.

பதில் 1 – தொற்றியல்

வணக்கம். முதலில் வரையறைகளை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அங்கேதான் பெரும் வேறுபாடு இருக்கிறது. நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 1998 வரையறைப்படி, சோர்வு, மனநிலை–அறிவாற்றல், தசை–மூட்டு ஆகிய மூன்று பிரிவுகளில் இரண்டிலாவது ஓர் அறிகுறி ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் போதும். 2000 ஆம் ஆண்டின் கான்சாஸ் வரையறை ஆறு பிரிவுகளைப் பார்க்கிறது. சுவாசம், குடல், தோல் ஆகியவையும் அதில் அடங்கும். குறைந்தது மூன்று பிரிவுகளில், மிதமான அல்லது அதைவிடக் கடுமையான அறிகுறியோ, ஒன்றுக்கு மேற்பட்ட அறிகுறிகளோ இருக்க வேண்டும். அந்த அறிகுறிகளை விளக்கிவிடக்கூடிய வேறு நோய்கள் இருப்பவர் விலக்கப்படுவார். விளைவைப் பாருங்கள்: முதல் வரையறை உருவான விமானப்படை ஆய்வில், போருக்குச் சென்றவர்களில் 45 விழுக்காட்டினரும் செல்லாதவர்களில் 15 விழுக்காட்டினரும் அதற்குள் வந்தனர், கான்சாஸில் இந்த எண்கள் முறையே 34, 8. ஆய்வு செய்யப்பட்ட மக்கள் வேறு என்பது உண்மைதான், ஆயினும் இரண்டு வலைகளின் கண்ணளவு ஒன்றல்ல என்பது தெளிவு. 2014 இல் அமெரிக்க மருத்துவக் கழகம் புதிய வரையறை எதையும் முன்வைக்காமல், இவ்விரண்டையும் பயன்படுத்துங்கள் என்றே பரிந்துரைத்தது.

ஆகவே பழைய கோப்புகளில் ‘நோயாளி’ என்ற முடிவைத் தேடாதீர்கள். ஒவ்வோர் அறிகுறிக்கும் பங்கேற்பாளர் தந்த மூல விடையைத் தேடுங்கள். கான்சாஸ் வினாநிரலின் மூல விடைகள் இருந்து, அறிகுறி எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதும் கேட்கப்பட்டிருந்தால், அதிலிருந்து மற்ற வரையறையைக் கணக்கிட்டுவிடலாம். எதிர்த்திசையில் இது நடக்காது. மூன்று பிரிவுகளை மட்டும் கேட்ட ஆய்வில் தோலைப் பற்றியும் குடலைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. கேட்காததை ‘இல்லை’ என்று நிரப்ப எவருக்கும் உரிமை இல்லை. முடிவு மட்டுமே உள்ள மூன்றாவது கோப்பை நான் ஒதுக்கிவிடுவேன்.

விலக்கு நோய்கள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போரின்போது இருபதுகளில் இருந்தவர்கள் இன்று அறுபதை ஒட்டியவர்கள். நீரிழிவும் இதய நோயும் வரும் வயது இது. அவை இரண்டும் கான்சாஸ் விலக்குப் பட்டியலில் உள்ளன. 2000 இல் நோயாளி என்று கணக்கிடப்பட்டவர், உடல்நிலை இன்னும் மோசமான பிறகும், இன்றைய ஆய்வில் விலக்கப்படக்கூடும். எனவே விலக்கு நோய் உண்டா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், அது கண்டறியப்பட்ட ஆண்டையும் பதிவு செய்யுங்கள். அந்த ஒரு கட்டம் இருந்தால், அறிகுறிகள் முந்தியவையா நீரிழிவு முந்தியதா என்பதைப் பின்னர் வருபவர் பிரித்துப் பார்க்க முடியும்.

பதில் 2 – ஆய்வு ஒருங்கிணைப்பு

பொதுத் தரவுக் கூறுகள் கையைக் கட்டும் என்ற அச்சம், பட்டியல் முழுவதையும் கட்டாயம் என்று எண்ணுவதால் வருவது. நாட்பட்ட சோர்வு நோய்க்காக அமெரிக்க நரம்பியல் நிறுவனம் உருவாக்கிய கூறுகளைத் தழுவியே இந்நோய்க்கான கூறுகளும் அமைக்கப்பட்டன. அவை அடிப்படை, மிகவும் பரிந்துரைக்கப்படுவது, துணை, ஆய்வுநிலை என்று தரம் பிரிக்கப்படுகின்றன. அடிப்படைக் கூறுகளை மட்டும் எல்லோரும் சேகரித்தால் போதும். மற்றவை உங்கள் கேள்விக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டியவை.

நேரில் பங்கேற்பாளர்களோடு பழகுபவர் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்: இவர்களின் நோயே சோர்வும் கவனச்சிதறலும்தான். இரண்டு மணி நேர வினாநிரலைக் கொடுத்தால், கடைசிப் பக்கங்களில் கிடைக்கும் விடை நோயைச் சொல்கிறதா, அந்த நாளின் களைப்பைச் சொல்கிறதா என்று பிரிக்க இயலாது. அதோடு, மிகவும் முடியாதவர்களே பாதியில் விட்டுச் செல்கிறார்கள். அதனால் விடுபட்ட தரவு தற்செயலானது அல்ல. அடிப்படைக் கூறுகளை முதலில் வையுங்கள், இடைவேளை விடுங்கள், மீதியை வீட்டிலிருந்து நிரப்ப அனுமதியுங்கள். எந்த வினாநிரல் எந்த வரிசையில், எத்தனை மணிக்கு நிரப்பப்பட்டது என்பதையும் கோப்பில் ஏற்றிவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தையும் இப்போதே பாருங்கள். பிற ஆய்வாளர்களுடன் பகிர அதில் இடம் இல்லையென்றால், எவ்வளவு ஒழுங்காகச் சேகரித்தாலும் அந்தத் தரவு உங்கள் அலமாரியிலேயே இருக்கும். முந்தைய ஆய்வுகளின் தரவையும் மாதிரிகளையும் திரட்டிப் பகிரும் பாஸ்டன் உயிரிவங்கி வலையமைப்பு போன்ற முயற்சிகளில் சேரவும் அந்த ஒப்புதல் தேவைப்படும்.

பதில் 3 – புள்ளியியல்

சோர்வை அளந்த வெவ்வேறு முறைகளைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. சோர்வு அளவுகளை எளிதாகச் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றாமல் இருக்க இதை எழுதுகிறேன். எஸ்எஃப்-36 கடந்த நான்கு வாரங்களைக் கேட்கிறது. சோர்வு, வலி, தூக்கம் போன்றவற்றைத் தனித்தனியே அளக்கும் புரோமிஸ் வினாநிரல்கள் கடந்த ஏழு நாட்களைக் கேட்கின்றன. பிட்ஸ்பர்க் தூக்க அளவுகோல் கடந்த ஒரு மாதத்தைக் கேட்கிறது. நாளுக்கு நாள் ஏறி இறங்கும் நோயில் இந்தக் கால அளவே விடையை மாற்றும். புரோமிஸ் மதிப்பெண், அமெரிக்கப் பொது மக்களின் சராசரி 50 என வருமாறு அமைக்கப்பட்டது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 போன்ற சிலவற்றை அந்த அளவுக்கு மாற்றும் இணைப்பு அட்டவணைகள் உண்டு. ஆனால் அத்தகைய அட்டவணை குழுச் சராசரிக்கு ஏற்றது. தனிமனிதருக்கு அதை நம்பக் கூடாது. ‘0 முதல் 10 வரை’ எண்ணுக்கு எந்த அட்டவணையும் உதவாது.

என் பரிந்துரை: மூல மதிப்பெண்களைக் கலக்காமல், ஒவ்வோர் ஆய்வுக்குள்ளும் நோயுற்றவருக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, அந்த வேறுபாடுகளைச் சேர்த்துப் பாருங்கள். முன்னவர் சொன்ன விடுபட்ட தரவுக்கு மூன்று தனித்தனிக் குறிகள் வையுங்கள்: கேட்கப்படவில்லை, விடை தரவில்லை, தெரியாது என்றார். மூன்றையும் வெற்றுக் கட்டமாக விட்ட கோப்புகளைச் சரிசெய்வதுதான் இந்தத் தொழிலில் மிகவும் அலுப்பூட்டும் வேலை.

மீண்டும் – தரவுப்பணி

மூவருக்கும் நன்றி. மூன்றாவது கோப்பை விட்டுவிடுகிறோம். எஞ்சிய ஐயம், போர்க்களத்தில் அவர்கள் எதிர்கொண்ட நச்சுப் பொருள்கள் பற்றியது. பழைய இரு கோப்புகளிலும் ‘சாரின் (நரம்பு வாயு): ஆம்/இல்லை’, ‘நரம்பு வாயுத் தடுப்பு மாத்திரை: ஆம்/இல்லை’ என்று இருக்கிறது. இவற்றை நேரடியாகச் சேர்க்கலாம் அல்லவா?

பதில் – தொற்றியல்

சேர்க்க வேண்டாம், முதலில் அந்த ‘ஆம்’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1991 மார்ச்சில் கமிசியாவில் இருந்த இராக்கிய வெடிமருந்துக் கிடங்கை, அதற்குள் சாரின் நிரப்பிய ராக்கெட்டுகள் இருப்பதை அறியாமல் அமெரிக்கப் படையினர் தகர்த்தனர். காற்று எந்தப் பக்கம் சென்றிருக்கும் என்று பாதுகாப்புத் துறை 1997 இல் ஒரு கணிப்பும் 2000 இல் இன்னொரு கணிப்பும் வெளியிட்டது. இரண்டிலும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களின் மொத்தம் ஒரு லட்சத்தை ஒட்டியே இருந்தது, ஆனால் ஆட்கள் ஒரே ஆட்கள் அல்லர்; பல்லாயிரம் பேர் பட்டியலிலிருந்து நீங்கினர், பல்லாயிரம் பேர் புதிதாகச் சேர்ந்தனர். அப்படியிருக்க, ஒரு கோப்பின் ‘ஆம்’ முதல் கணிப்பிலிருந்தும், மற்றதன் ‘ஆம்’ வீரரின் நினைவிலிருந்தும் வந்திருந்தால், இரண்டும் ஒரே பெயர் கொண்ட வெவ்வேறு மாறிகள். பட்டியலில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்புத் துறை வீட்டுக்கு அனுப்பிய அறிவிப்புக் கடிதமே ஒருவரின் நினைவை மாற்றியிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

மாத்திரை விஷயம் இன்னும் கடினம். பைரிடோஸ்டிக்மின் புரோமைடு 30 மில்லிகிராம் மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒன்றாக விழுங்குமாறு படைப்பிரிவுகளுக்கு ஆணை வந்தது. யார் எத்தனை விழுங்கினார் என்பதற்கு முறையான பதிவேடு இல்லை. அதனால் ஆம்/இல்லை என்பதற்குப் பதிலாக, உட்கொண்டாரா, ஏறத்தாழ எத்தனை நாட்கள், விழுங்கிய பின் உடனடி உபாதை ஏதும் உண்டாயிற்றா, எந்தப் படைப்பிரிவில் எந்த மாதங்களில் இருந்தார் என்று கேளுங்கள். படைப்பிரிவும் மாதமும் தெரிந்தால், நாளை கணிப்பு திருத்தப்பட்டாலும் நீங்கள் மறுபடி கணக்கிடலாம். மருத்துவமனைப் பதிவுகளை மாற்றாக நம்பவும் வழியில்லை. இந்நோய்க்கு அமெரிக்க நோய்க்குறியீட்டுப் பட்டியலில் தனிக் குறியீடே 2025 அக்டோபரில்தான் வந்தது.

கடைசியாக ஒன்று: புதிய படிவத்தில் ஒவ்வொரு நச்சுப்பொருள் கட்டத்தின் அருகிலும் இன்னும் இரண்டு கட்டங்கள் வையுங்கள். தகவலின் மூலம் நினைவா, கடிதமா, படை ஆவணமா என்பதற்கு ஒன்று. அது பதிவான ஆண்டுக்கு மற்றொன்று.