இளநீல மூடி டியூபுக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளர்:
குழும நண்பர்களுக்கு வணக்கம். செவிலியர் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரத்தம் உறையும் நேரம் பார்க்க எடுக்கும் இளநீல மூடி டியூபுக்கு 'உறைகுழல்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

தமிழாசிரியர்:
உறைகுழல் வினைத்தொகை. உறைந்த, உறைகின்ற, உறையும் குழல் என்று விரியும். நமக்கு வேண்டியதோ உறையாதது. உறை என்றால் வாளுறையும் வரும், கீழடி உறைகிணறும் வரும். 'உறையாக்குழல்' என்க. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ஒற்று மிகும். உள்ளிருக்கும் சிட்ரேட் என்ற உறைதடுப்பு உப்புக்கும் சொல் உண்டு. சிட்ரேட் என்ற பெயர் சிட்ரஸ் பழ இனத்திலிருந்து வந்தது; அந்த இனத்து நாரத்தைக்கு நரந்தம் என்றொரு பெயர். "நரந்தம் நாறும் தன் கையால்" என்று அதியமானை ஔவை பாடுகிறார் (புறம் 235). சிட்ரேட் 'நரந்தவுப்பு'.

இன்னொருவர்:
அந்தப் பாட்டில் நரந்தம் வெறும் நறுமணப் பொருள்தானே ஐயா? நரந்தம்புல்லும் இருக்கிறது, கஸ்தூரி என்ற பொருளும் இருக்கிறது. நாரத்தைக்கு அதைச் சான்றாக வைக்க முடியாது.

ஆய்வக நுட்புநர்:
ஐயா, இடிடிஏ என்ற இன்னொரு உறைதடுப்புப் பொருள் உள்ள ஊதா மூடி டியூபிலும் ரத்தம் உறையாது. ஆனால் அதில் எடுத்த ரத்தத்தை உறைதல் சோதனைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைக்கிறது. நாங்கள் கால்சியத்தைத் திரும்பச் சேர்த்ததும் உறையத் தொடங்கும், அந்த நொடிகளைத்தான் எண்ணுகிறோம். 'உறையா' என்பது பாதி உண்மை. 'சிட்ரேட் குழாய்' என்றாலும் போதாது, ஈஎஸ்ஆர் (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) பார்க்கும் கறுப்பு மூடியிலும் சிட்ரேட்தான். அங்கே நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட், இங்கே ஒன்பதுக்கு ஒன்று.

பெயரைவிட அந்த ஒன்பதுக்கு ஒன்றை எழுதுங்கள். 0.3 மில்லி சிட்ரேட்டுக்கு 2.7 மில்லி ரத்தம், கோடு வரை. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிகுந்து, உறையும் நேரம் நீண்டு காட்டும். செயற்கை இதய வால்வு வைத்து, ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவருக்கு அதை நம்பி மருந்தைக் குறைத்தால் வால்விலேயே ரத்தம் கட்டிவிடும். செவிலியர் கை தேடுவது மூடியின் நிறத்தை. 'இளநீல மூடிக் குழாய்' போதும்.

தமிழாசிரியர்:
நிறம் அடையாளம், கலைச்சொல் ஆகாது. நாளை மூடியின் நிறம் மாறினால் என்ன செய்வீர்கள்? குழாய் என்றால் தண்ணீர்க்குழாய்தான் நினைவுக்கு வரும்; குழல் என்றாவது எழுதுங்கள்.

இன்னொருவர்:
பள்ளிப் பிள்ளைகளே சோதனைக்குழாய் என்கிறார்கள். குழாய் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
மூன்று பேர் இளநீல மூடிக்கு. 'இளநீல மூடிக் குழாய் (உறைதல் சோதனைக்கு)' என்று அனுப்புகிறேன். நிரப்பும் கோட்டைப் படமாகவே போட்டுவிடுகிறேன் அம்மா.

தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகட்டும். 'உறையாக்குழல்' சொல்லடைவிலாவது இடம்பெற வேண்டும். நரந்தத்துக்கு நிகண்டுச் சான்றோடு நாளை எழுதுகிறேன்.